நெடுந்தூரக் குழு சைக்கிள் பயணத்தில் சேரலாமா? முடிவெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நெடுந்தூரக் குழு சைக்கிள் பயணம் ஒன்றின் அறிவிப்பு கண்ணில் பட்டதும் மனம் முதலில் தூரத்தைத்தான் எடைபோடுகிறது. ஒரே நாளில் 200 கிலோமீட்டர், ஐந்து நாளில் 500 கிலோமீட்டர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து, இது நம்மால் முடியுமா என்று கேட்டுக்கொள்கிறோம். உற்சாகமாக இருக்கும் நாளில் முடியும் என்றும், அலுத்துப்போயிருக்கும் நாளில் முடியாது என்றும் பதில் வருகிறது. இரண்டு பதில்களையும் நம்பி முடிவெடுக்க முடியாது. போதிய வாரங்கள் கையில் இருந்தால் தூரம் பயிற்சிக்கு வசப்பட்டுவிடும். குழு போகும் வேகம், நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும் களைப்பு, நாம் பின்தங்கும் வேளைக்காக அமைப்பாளர்கள் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு ஆகிய மூன்றும்தான் பயணம் இனிக்குமா கசக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. பல ஆண்டுகளாக இத்தகைய பயணங்களில் சேர்ந்தும், சிலவற்றில் யோசித்து ஒதுங்கியும் வந்திருக்கிறேன். இப்போது எந்த அமைப்பாளரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக வருபவருக்கு என்ன ஏற்பாடு?

முதல் படி: இது எந்த வகைப் பயணம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

குழுப் பயணம் என்ற ஒரே பெயரில் மிகவும் வேறுபட்ட ஏற்பாடுகள் நடக்கின்றன. நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய பிரெவே பயணங்கள் ஒரு வகை. பாரிஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகளின்படி உலகின் பல நாடுகளில் இவை நடக்கின்றன. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்திலும், 400 கிலோமீட்டரை 27 மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். 1891-இல் பந்தயமாகத் தொடங்கி, இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில் சுமார் 1,200 கிலோமீட்டருக்கு அதிகபட்ச வரம்பு 90 மணி நேரம். இந்த வகையில் பலர் ஒன்றாகப் புறப்பட்டாலும் ஒவ்வொருவரும் தம் பொறுப்பில்தான் செல்கிறார்கள். சொந்த உதவி வாகனம் வைத்திருப்பவர்கள்கூடச் சோதனை நிலையங்களில் மட்டுமே அதன் உதவியைப் பெறலாம். வழியில் பின்னாலேயே வாகனம் வருவதற்கு அனுமதி இல்லை.

இரண்டாவது வகையில் குழு சிதறாமல் ஒன்றாகவே போகிறது. பழைய ஆடாக்ஸ் முறையில் ஒரு தலைவர் முன்னால் சென்று வேகத்தைக் கட்டுப்படுத்துவார். மணிக்கு 22.5 கிலோமீட்டர் என்பது அம்முறையில் வழக்கமான சராசரி. அவரை யாரும் முந்தக் கூடாது. மூன்றாவது வகை, சாமான்களை ஏற்றிச்செல்லும் வண்டியும், தங்குமிடமும், உணவு நிறுத்தங்களும் கொண்ட பல நாள் சுற்றுலாப் பயணம். அறிவிப்பில் இந்த வகை தெளிவாகச் சொல்லப்படாமல் இருந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தனியாகப் போகப் பழகியவருக்கு முதல் வகை பொருந்தும். அதே மனிதருக்கு இரண்டாவது வகை மூச்சு முட்டலாம்.

இரண்டாம் படி: தூரத்தை நேரமாக மாற்றிப் பாருங்கள்

200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 14.8 கிலோமீட்டர் வருகிறது. இதைப் பார்த்து எளிது என்று நினைத்துப் பதிவுசெய்பவர்கள் பலர். ஆனால் அந்தக் கணக்கில் சாப்பிடும் நேரம், தண்ணீர் நிரப்பும் நேரம், பஞ்சர் ஒட்டும் நேரம், வழி தவறித் திரும்பிய நேரம் எல்லாமே அடங்கியிருக்கின்றன. சக்கரம் உருளும்போது உங்கள் சராசரி மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், மிதிப்பதற்கு 10 மணி நேரம் போக, மூன்றரை மணி நேரம் கையில் மிஞ்சும், அது தாராளம். அதே சராசரி 17 கிலோமீட்டராக இருந்தால் மிதிக்கவே 11 மணி 45 நிமிடம் ஆகிவிடும். மிஞ்சுவது ஒன்றே முக்கால் மணி நேரம்தான். ஆறு நிறுத்தங்களில் ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்று திட்டமிட்டது 25 நிமிடமாக இழுத்தால் ஒரு மணி நேரம் காணாமல் போகும். மெதுவாக மிதிப்பதால் நேரத்தை இழப்பவர்களைவிட, நிறுத்தங்களில் இழப்பவர்களே அதிகம் என்பது நான் திரும்பத் திரும்பக் கண்டது.

அடுத்து வழித்தடத்தின் ஏற்ற இறக்க வரைபடத்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். 100 கிலோமீட்டருக்கு மொத்தம் 1,000 மீட்டர் ஏற்றம் இருந்தால் அதை மேடான வழியாகவே கருத வேண்டும். சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்குத் தேவைப்படும் உழைப்பு, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில் ஏறத்தாழ 7 அல்லது 8 கிலோமீட்டர் வேகத்தையே தரும். இறக்கத்தில் அதை ஈடுகட்டிவிடலாம் என்று நினைப்பது தவறு; ஏற்றத்தில் செலவாகும் நேரம் அதிகம், இறக்கத்தில் மிச்சமாவது குறைவு. எதிர்க்காற்றும் அப்படித்தான். போகும்போது எதிராக வீசிய காற்று, திரும்பும்போது முதுகைத் தள்ளினாலும் கணக்கு சமமாவதில்லை.

மூன்றாம் படி: அமைப்பாளரிடம் கேட்க வேண்டியவை

இந்தப் படியில் நிதானமாக நேரம் செலவிடுங்கள். எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னால் காரணம் விளங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழுப் பயணத்தில் சேர்ந்தேன். சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்று அறிவித்திருந்தார்கள். அது எனக்குப் பழகிய வேகம். 70-ஆவது கிலோமீட்டர் அளவில் பின்சக்கரம் மெத்தென்று அமுங்கத் தொடங்கியது. எனக்கு முன்னால் இருந்தவரிடம் குரல் கொடுத்தேன். காற்றில் அது எட்டவில்லை. ஓரமாக நிறுத்தி ட்யூபை மாற்றினேன். பத்து நிமிடம் போவதற்குள் மறுபடியும் அதே சக்கரம் இறங்கியது. இம்முறை டயரை முழுவதும் கழற்றி, உட்புறத்தை விரல் நுனியால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தபோது, தலைமுடி அளவு மெல்லிய கம்பி ஒன்று குத்தியது. கண்ணுக்கு அது தெரியவில்லை. வெளிப்பக்கத்திலிருந்து டயரை மடக்கிப் பிடித்தபோதுதான் முனை மின்னியது. நகத்தால் பிடித்து இழுத்து எடுத்தேன். இவ்வளவும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை குழுவிலிருந்து ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. தொலைபேசியில் அழைக்கவும் இல்லை. பின்னால் வருவதற்கென்று யாரையும் நியமிக்கவில்லை என்பதும், எத்தனை பேர் புறப்பட்டார்கள் என்ற எண்ணிக்கையே முன்னால் போனவர்களிடம் இல்லை என்பதும் மாலையில்தான் தெரிந்தது. அன்று எனக்குத் தேவையாக இருந்தது ஒரு பஞ்சர் உதவி மட்டுமே. அந்த இடத்தில் நெஞ்சுவலியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் இதே நிலைமைதான் என்ற எண்ணம் வீடு திரும்பிய பிறகும் என்னை விடவில்லை.

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன்பு இவற்றைக் கேளுங்கள். அறிவித்திருக்கும் சராசரி வேகம், நிறுத்தங்களைச் சேர்த்துச் சொன்னதா, உருளும்போது மட்டும் கணக்கிட்டதா? கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு தன்னார்வலர் சைக்கிளில் வருகிறாரா, அல்லது வண்டி வருகிறதா? குழு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று தலையை எண்ணுகிறது? ஒருவர் தொடர முடியாமல் போனால் அவரையும் சைக்கிளையும் ஏற்றிக்கொள்ள இடம் இருக்கிறதா, ஒரே சமயத்தில் மூன்று பேருக்கு அப்படி நேர்ந்தால் என்ன செய்வார்கள்? முதலுதவி தெரிந்தவர்கள் யார், அவர்கள் குழுவின் எந்தப் பகுதியில் வருவார்கள்? புறப்பட்ட பிறகு வானிலை கெட்டால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? காப்பீடு பங்கேற்பாளருக்கும் சேர்த்தா, அமைப்பாளரின் பொறுப்புக்கு மட்டுமா?

பதில்களின் உள்ளடக்கத்தைப் போலவே அவை வரும் விதமும் முக்கியம். கடைசி ஆளைப் பற்றிக் கேட்டதும், இன்ன இடத்தில் இன்ன நேரம் வரை காத்திருப்போம், அதற்குள் வராவிட்டால் வண்டி திரும்பிப் போகும் என்று எண்ணோடு சொல்பவர்கள் அதைப் பற்றி ஏற்கெனவே யோசித்தவர்கள். எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் பதில் வந்தால் நான் சேருவதில்லை. மிகச் சிறப்பான வழித்தடமாக இருந்தாலும் சேருவதில்லை.

நான்காம் படி: இரண்டு நாள் சோதனை ஓட்டம்

உங்கள் உடலைப் பற்றிய உண்மையை ஒரே நாள் ஓட்டம் சொல்லிவிடாது. நல்ல தூக்கத்துக்குப் பிறகு புதிதாகக் கிளம்பும் நாளில் பெரும்பாலோர் தம் வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு தூரம் போய்விட முடியும். மறுநாள் காலையில் அதே இருக்கையில் மீண்டும் உட்காரும்போதுதான் விவரம் தெரியும். பல நாள் பயணத்தில் சேர நினைப்பவர்கள், அப்பயணத்தின் மிக நீளமான நாளுக்குரிய தூரத்தில் 70 சதவீதத்தை ஒரு நாளும், 50 சதவீதத்தை மறுநாளும் ஓட்டிப் பாருங்கள். குழு போகும் அதே வேகத்தில், பயணத்தன்று சுமக்கப்போகும் அதே சாமான்களோடு ஓட்ட வேண்டும்.

இரண்டாம் நாள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உட்காரும் எலும்புகளில் வரும் வலி, அரை மணி நேரத்தில் மந்தமானால் பழக்கத்தால் சரியாகிவிடும். தோல் உரிந்து எரிந்தால் இருக்கையையோ உடையையோ மாற்ற வேண்டும். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போவது, மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் ஓடும் நரம்பு நசுங்குவதன் அறிகுறி. கைப்பிடியில் சாய்ந்து கிடப்பதைக் குறைத்து, பிடியை அடிக்கடி மாற்றி, கைப்பிடியைச் சற்று உயர்த்திப் பார்க்க வேண்டும். இதை அலட்சியம் செய்த ஒருவர், மூன்றாம் நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பிரேக்கை அழுத்தும் விரல்களும் அவைதாமே என்று அப்போது தோன்றியது. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்வாக இருக்கிறது; பின்பக்கம் வலித்தால் உயரமாக இருக்கிறது. பெடல் மிகக் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும் என்பது உயரத்தைச் சரிபார்க்கும் எளிய வழி.

சோதனை ஓட்டத்தில் சாப்பாட்டையும் சோதித்துவிடுங்கள். தசையிலும் கல்லீரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்தான்; கடுமையாக மிதித்தால் சில மணி நேரத்தில் அது தீர்ந்து, கால்கள் திடீரென்று காலியாகிவிடும். அந்த நிலை வந்த பிறகு சாப்பிட்டு மீள நெடுநேரம் ஆகும். எனவே முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். தண்ணீருக்கு நல்ல கணக்கு எடைக்கருவியில் இருக்கிறது: புறப்படும் முன்பும் வந்த பின்பும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் இழப்பு. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். இரத்தத்தில் சோடியம் குறையும் ஆபத்து அதில் உண்டு, அது சிறிய ஆபத்தும் அல்ல.

ஐந்தாம் படி: குழுவில் ஓட்டத் தெரியுமா என்று பாருங்கள்

தனியாக ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியவருக்கும் குழுவில் ஓட்டுவது வேறு கலை. வேகமாகச் செல்லும் ஒருவருக்குப் பின்னால் நெருங்கிப் போகும்போது, காற்றின் தடை குறைவதால் உழைப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். அந்த மிச்சத்துக்கு விலை கவனம். முன்னால் இருப்பவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் நுழைந்திருக்கும்போது அவர் சற்றே விலகினால், விழுவது அவர் அல்ல, நீங்கள்தான். முன்னால் குழி இருந்தால் கையால் சுட்ட வேண்டும். நிற்பதற்கு முன்பு குரல் கொடுக்க வேண்டும். காரணமில்லாமல் பிரேக்கைத் தொடக் கூடாது. இவை பழகாதவர்கள், பெரிய பயணத்துக்கு முன்பு நான்கைந்து பேரோடு மூன்று நான்கு முறையாவது ஓட்டிப் பழகிவிட்டு முடிவெடுக்கட்டும்.

குழுவுக்கு இன்னொரு குணம் உண்டு: அது நம்மை நம் வேகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு போகும். முதல் 50 கிலோமீட்டரில் பேச்சும் உற்சாகமுமாக மணிக்கு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகப் போய், அதன் விலையை 150-ஆவது கிலோமீட்டரில் கொடுப்பவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்க்கலாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்பது நம்பகமான அளவுகோல். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், அந்தக் குழுவை விட்டுப் பின்னால் வரும் குழுவோடு சேர்ந்துகொள்ளும் மனத்திடம் வேண்டும். அந்த மனத்திடம் உங்களுக்கு உண்டா என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: நாட்காட்டியைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பயண நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இன்றைக்கு எத்தனை வாரம் இருக்கிறது என்று பாருங்கள். வாரத்தின் நீளமான ஓட்டத்தை ஏறத்தாழ 10 சதவீதம் மட்டும் கூட்டிக்கொண்டு போவது பலருக்கும் காயமின்றி ஒத்துவரும் வேகம். இன்று 50 கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓட்டுபவர், அதே விகிதத்தில் கூட்டினால், தூரத்தைக் கூட்டும் பத்தாவது வாரத்தில் 130-ஐ எட்டுவார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்து உடலை ஆற்றிக்கொள்ளும் வாரங்கள் மூன்றும், பயணத்துக்கு முந்திய இளைப்பாறும் வாரமும் சேர்த்தால் 14 வாரங்கள். 130 கிலோமீட்டரை நல்ல நிலையில் முடிப்பவர், 200-ஐ அளவான வேகத்தில் எட்டிவிடலாம். ஆறே வாரம் இருக்கிறது, இப்போதைய நீளமான ஓட்டம் 40 கிலோமீட்டர் என்றால், அந்த 200 இந்த முறை உங்களுடையது இல்லை.

இடையில் தவறிப்போன வாரங்களைக் கடைசி இரண்டு வாரத்தில் ஈடுகட்ட முயல வேண்டாம். கடைசி வாரத்தில் ஓட்டும் கூடுதல் தூரம் களைப்பை மட்டுமே சேர்க்கும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல நிலையில் இருக்கும், உங்கள் உடலுக்குப் பொருந்தும் எந்த சைக்கிளும் போதும். தேய்ந்த டயர், பிரேக் கட்டை, செயின் ஆகியவற்றைப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். மாற்றியதோடு ஒரு நீண்ட ஓட்டமும் போய்ப் பாருங்கள். புதிய இருக்கை, புதிய காலணி ஆகிய இரண்டையும் பயணத்தன்று முதல் முறையாகப் பயன்படுத்தவே கூடாது. மேடான வழியென்றால் போதிய தாழ்ந்த கியர் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு ஓட்டம் உண்டென்றால், சைக்கிளிலேயே பொருத்திய முன், பின் விளக்குகளும், ஒளியைத் திருப்பும் பட்டைகள் கொண்ட மேலாடையும் வேண்டும்.

ஏழாம் படி: உடல்நலமும் வீட்டுச் சூழலும்

உழைக்கும்போது நெஞ்சில் அழுத்தம், காரணமில்லாத மயக்கம், வழக்கத்துக்கு மாறான படபடப்பு ஆகியவற்றில் எதையாவது உணர்ந்தவர்கள், மருத்துவரைப் பார்த்த பிறகே பதிவுசெய்ய வேண்டும். இதய நோய், சர்க்கரை நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இத்தகைய பயணங்களை முடிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் மருந்தும் உணவும் எந்த நேரத்தில் என்பதை மருத்துவரோடு பேசிவைத்துக்கொண்டு, குழுத் தலைவரிடமும் தெரிவித்துவிட்டு வருகிறார்கள். புறப்படும் வாரத்தில் காய்ச்சல் வந்தால், எத்தனை மாதப் பயிற்சி இருந்தாலும் அந்தப் பயணத்தை விட்டுவிட வேண்டும். காய்ச்சலோடு செய்யும் கடும் உழைப்பு இதயத் தசையைப் பாதிக்கக்கூடும்.

பயிற்சிக்குப் போகும் பத்துப் பதினான்கு வார இறுதிகள் உங்களுடையவை மட்டுமல்ல. அந்தக் காலை நேரங்களில் வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரோடு உட்கார்ந்து நாட்காட்டியைக் காட்டிப் பேசுங்கள். சம்மதம் வாங்கும் பேச்சாக இல்லாமல், எந்தெந்த வாரம் இயலாது என்று சேர்ந்து குறிக்கும் பேச்சாக அது இருந்தால், பயிற்சியும் நிலைக்கும்.

எட்டாம் படி: முடிவுக்கு ஒரு தேதி வையுங்கள்

கட்டணத்தைத் திரும்பப் பெறக்கூடிய கடைசித் தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு உங்கள் முடிவுத் தேதியை வையுங்கள். இரண்டு நாள் சோதனை ஓட்டம் அந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும். அன்று மூன்றே கேள்விகள். சோதனையின் இரண்டாம் நாளை, மூன்றாம் நாளும் ஓட்டலாம் என்ற நிலையில் முடித்தேனா? குழுவின் வேகத்தில் பேசிக்கொண்டே போக முடிந்ததா? கடைசி ஆளைப் பற்றிய கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்ததா? முதல் இரண்டில் ஒன்று இல்லை என்றால் குறைந்த தூரப் பிரிவையோ, மெதுவான குழுவையோ கேட்டுப் பாருங்கள். மூன்றாவதற்கு இல்லை என்றால் வேறு பயணத்தைத் தேடுங்கள். உங்கள் பயிற்சி எதுவும் வீணாகாது, அடுத்ததற்கு உதவும்.

சேருவதென்று முடிவானால், எந்தச் சூழலில் நிறுத்திக்கொள்வீர்கள் என்பதை வீட்டில் அமைதியாக இருக்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: விரல்கள் மரத்து பிரேக் பிடிக்க முடியாமல் போனால், வாந்தி வந்து தண்ணீர் தங்காவிட்டால், கண் செருகத் தொடங்கினால் என்று. களைத்த மூளை நூற்றைம்பதாவது கிலோமீட்டரில் நியாயமாக யோசிக்காது. அப்போது அந்தத் தாள் உங்களுக்காக யோசிக்கும். அவசரத் தொடர்பு எண்ணையும் இரத்த வகையையும் அதன் பின்பக்கம் எழுதி, ஈரம் படாத உறையில் போட்டு சட்டையின் முதுகுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் கடைசியாக வரும் தன்னார்வலர் யாரென்று புறப்படும் முன்பே கேட்டு, அவரிடம் சென்று உங்கள் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

சேரவில்லை என்று முடிவானால், அதை அன்றைக்கே அமைப்பாளருக்குத் தெரிவியுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு அந்த இடம் போவதற்கும், அவர் தம் பயிற்சியை முடிப்பதற்கும் இன்னும் வாரங்கள் மிஞ்சியிருக்கும்.